அழகுமலைக்கு ரிலீப்

என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். ஆள் பிடிக்கிற கங்காணி உண்மையைப் பேசியிருந்தால் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ள ஒரு கை வந்திருக்காது. போடி, தேவாரம், கம்பம் என்று இறங்கிப் போய், "மலையில குளிராவது கிளிராவது, சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்று சொல்லி முப்பது குடும்பத்தை மேலே ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அட்டை கடிக்கும் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை. வந்து கடி வாங்கிய பிறகு, "அது கெட்ட ரத்தத்தைத்தான் உறிஞ்சும், உடம்புக்கு நல்லது" என்றேன். அதையும் நம்பினார்கள். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டும், அவ்வளவுதான் தொழில்.

பேர் மொக்கையன். சூரியநெல்லிக்கு மேலே கல்லுமேட்டு எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் கங்காணியாக இருந்தேன். நான் சொல்லப்போவது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கதை. அப்போது கங்காணி வேலைக்கே இழுத்துக்கொண்டிருந்தது. சங்கம் வந்துவிட்டது, ஆபீஸ் நேராகவே ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டது. என்னைப் போன்ற கிழடுகளுக்கு மிச்சம் இருந்த வேட்டை ஒன்றே ஒன்றுதான். பந்துக்காரன் பிடிப்பது.

சிரிக்காதீர்கள். வருஷா வருஷம் தை மாதம் எஸ்டேட்டுகளுக்குள் கிரிக்கெட் நடக்கும். ஒரு வெள்ளிக் கோப்பைக்காக. மட்டை பிடிப்பது துரைமார், பந்து போடுவதும் ஓடிப் பொறுக்குவதும் நம் ஆட்கள். அந்தக் கோப்பைக்காக துரைமார் ஒருத்தரை ஒருத்தர் கடித்துத் தின்னாத குறை. தையில் விளையாடுகிறவன் பேர் ஆடி முடிவதற்குள் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பேர்ப்பதிவில், ஏறியிருக்க வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதனால் மைதானத்தில் முழங்கால் சேறு நிற்கிற மழை மாதங்களில்தான் ஆள் வேட்டை நடக்கும். ஒரு எஸ்டேட் மதுரையிலிருந்து ஒரு மில்காரனைக் கொண்டுவந்து மருந்து அளக்க வைத்தது. இன்னொன்று, ஒரு தபால்காரனை அவன் பையோடு தூக்கி வந்துவிட்டது.

பந்துக்காரர்களுக்கு லேசான வேலை கொடுப்பார்கள். மலைச்சரிவில் ஏற வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். எங்கள் எஸ்டேட்டில் அப்படி நாலு இடம் இருந்தது. அதில் ஒன்றில், பேக்டரி ஸ்டோர் வாசலில் பகல் வாட்சராக, உட்கார்ந்திருந்தவன் அழகுமலை. என் மருமகன். என் ஒரே மகள் குருவம்மாளின் புருஷன்.

அழகுமலை ஓடிவந்து போடுகிறவன் இல்லை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தி பாதத்தில் இறங்கியதிலிருந்து அவனால் சரிவில் கால் ஊன்றி நிற்க முடியாது. ரெண்டு எட்டு வைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரு பந்து விடுவான். அது தரையில் விழுந்ததும் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. மற்றவர்கள் போட்டுக் களைத்த பிறகு, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். அரைநாள் வேலை செய்தால் எஸ்டேட்டில் அரைப்பேர் போடுவோம் அல்லவா, அதனால் லயத்துக்காரர்கள் அவனை 'அரைப்பேர் பந்துக்காரன்' என்று கேலி செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். அந்த அரைப்பேரில்தான் அவன் வீடு நின்றது என்று அவனுக்குத் தெரியும்.

வீடு நின்றது என்று சும்மா சொல்லவில்லை. குருவம்மாளுக்கு ரெண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயின. மூன்றாவது தங்க வேண்டுமானால் கூடை தூக்கி மலை ஏறாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் வேலையை விட்டு நின்றுகொண்டாள், அவள் பேர் செக்ரோலிலிருந்து போனது. லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், அந்த ஒற்றை அறை அழகுமலை பேரில்தான் இருந்தது. அவன் பேர் போனால் அறை போகும், அறை போனால் மலையை விட்டு இறங்க வேண்டும். பேர் இல்லாத குடும்பத்தை என் அறையில் வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள். ஐந்து மாத வயிற்றோடு அவள் எங்கே போவாள்?

ஆனி மாதக் கடைசி. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்டோர் வாசலில் அவனோடு சாயா குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை இடது கையால் பிடித்திருந்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னா வெளிய விடமாட்டீகளே?"

"நான் என்னைக்குடா உண்மைய வெளிய விட்டேன்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "சோத்துக் கையத் தூக்க முடியல மாமா. தோள்பட்டைக்குள்ள முள்ளு முறிஞ்சு கெடக்குற மாதிரி இருக்கு. சட்டை போடுறதுக்கே குருவுதான் கைய மாட்டிவிடுறா. போன தையில கடைசி ஓவருல அந்தத் தொரை மூணு பந்த அடிச்சு வெளிய விட்டானே, அன்னைக்கே வலிதான்."

"வைத்தியங்கிட்டப் போனியா?"

"எங்கிட்டுப் போறது? ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும், பேரை வெட்டிருவாங்கன்னு குருவு பயப்படுறா. அவதான் எண்ணெயக் காச்சித் தேச்சுவிடுறா. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா மாமா." அவன் குரல் இறங்கிவிட்டது. "எங்க கைய வைக்கச் சொன்னா தெரியுமா? அவ வயித்துல."

"அடப்பாவி! வயித்துப் பிள்ள மேல சத்தியம் பண்ணிட்டு எங்கிட்ட வந்து ஏன்டா கக்குற?"

"வேற யார்கிட்டச் சொல்லுவேன்? ரெண்டு ஓவர் எப்பிடியும் போட்டிருவேன். மிச்சத்த வாங்கிப் போட ஒரு ரிலீப் ஆளு கெடைச்சா இந்த வருசத்தத் தள்ளிருவேன். பிள்ள பொறந்துரும். அதுக்குள்ள கையும் சரியாயிரும். தொரைகிட்ட நீங்க நைசா ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. கைவலின்னு மட்டும் சொல்லிராதீக."

ரிலீப் என்கிற வார்த்தை எங்கள் எஸ்டேட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். லாரி டிரைவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் ரிலீப் டிரைவர் வருவான். வாட்சர் காய்ச்சலில் படுத்தால் ரிலீப் வாட்சர். இருப்பவன் பேர் இருந்தபடியே இருக்கும், வந்தவன் கொஞ்ச நாள் தோள் கொடுத்துவிட்டுப் போவான். யாருக்கும் நஷ்டமில்லாத, நல்ல வார்த்தை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாளே பெரிய துரையைப் பார்த்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மயிலே மயிலே என்று பக்குவமாக ஆரம்பித்தேன். கடைசி நேரத்துக்கு இன்னொரு கை இருந்தால் கோப்பை நமக்குத்தான் என்றேன். "அழகுமலைக்கு ஒரு ரிலீப் வேணும் தொரை" என்று முடித்தேன்.

துரை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. "நீ நல்ல மனுஷன் மொக்கையன். நானும் அதே நினைச்சது. எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு யோசிச்சது. நீயே சொல்லிட்டது. போ, ஆள் கொண்டு வா."

நல்ல மனுஷன் என்று துரை வாயால் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்காக அப்படிச் சொன்னார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குத் துணி கொண்டுவரும் ஹக்கீம் ராவுத்தர் முன்பே சொல்லியிருந்தார், வேலந்தாவளத்தில் அலவி என்று ஒரு பையன் இருக்கிறான், பாலக்காட்டுப் பெரிய ஆட்டக்காரர்களே அவன் பந்துக்குத் திணறுகிறார்கள் என்று. போடிக்கு இறங்கி, ரயில் மாறி மாறிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். நான் போய் இறங்கியது சந்தை நாள். மாடும் ஆளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. மூக்கணாங்கயிறும் தும்பும் விற்கிற ஒரு கடையில் அலவி உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயசு, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கைகள். கடையைப் பார்த்துக்கொண்டது அவன் உம்மா நபீஸா.

கூட்டம் கலைந்ததும் சாணிக்கு நடுவே மூன்று குச்சியை நட்டு, "போடு பாக்கலாம்" என்றேன். ஆறு பந்து போட்டான், நாலு தடவை குச்சி பறந்தது. பக்கத்துத் தேநீர்க்கடையில் இன்னொரு எஸ்டேட்டின் ஆள் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி தாமதித்தால் கோழியை நரி கொண்டுபோய்விடும் என்று நேராக நபீஸாவிடம் போனேன்.

"ஏனுங்ண்ணா, அங்கெல்லாம் குளிரு கடுசா இருக்குமுங்களா?" என்றாள்.

"குளிரா? ஒரு போர்வைகூட வேண்டாம்மா."

"தொழுகைக்குப் பள்ளிவாசல் இருக்குதுங்களா?"

"பக்கந்தான்" என்றேன். பக்கம் என்றால் ஏழு மைல்.

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "செரிங்க. இப்ப அங்க அந்த வேலைல இருக்கறவரு எங்க போவாருங்க? ஒருத்தரு சோத்துத் தட்டப் புடுங்கி என்ற பையன் திங்க வேண்டாமுங்க."

ஆள் பிடிக்கப்போன இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி இது. நான் நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்: "அவன் எங்கயும் போகமாட்டாம்மா. அவன் என் மருமகன். உம்மகன் அவனுக்கு ரிலீப்பு. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பாங்க."

"அப்பச் செரிங்க" என்றாள். அன்று வேலந்தாவளத்தில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆடி இருபதுக்கு மேல் இருக்கும், அலவியோடு மலை ஏறினேன். போடிமெட்டிலேயே அவன் பல் தந்தியடித்தது. "ஏனுங்க மாமா, போர்வை வேண்டாம்னீங்களே" என்றான். என் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். லயத்துக்கு வந்ததும் குருவம்மாள் அவனுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, சோறு போட்டாள். மகள் தனியாக என்னிடம், "இவரு எதுக்கு அய்யா வந்துருக்காரு?" என்று கேட்டாள். "ஒம் புருசனுக்கு ரிலீப்பு" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. "தொரைக்கே தோணுச்சா? அந்த ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழகுமலை என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் ஆபீசில் ஹெட் கிளார்க் ரெண்டு காகிதங்களை நீட்டினார். அவர் மலையாளத்துக்காரர். எங்களோடு பேசும்போது பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வரும். காகிதத்தில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன், இங்கிலீஷ் எனக்குக் காட்டெருமைக் குளம்படி.

"இது அலவியுடெ பேரு ஏத்துன்னது. இது அழகுமலையெ ரிலீவ் செய்யுன்னது. ரெண்டிலும் ஒப்பு வேணும் கங்காணி, உன் ஆளாணல்லோ."

கங்காணி கொண்டுவந்த ஆளின் பேர் ஏறவும் இறங்கவும் கங்காணி கையெழுத்து வேண்டும் என்பது பழைய பழக்கம். வேலை செத்துக்கொண்டிருந்தாலும் அந்த மரியாதை மட்டும் மிச்சம் இருந்தது. நான் ஜம்பமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை உதறி, மொக்கையன் என்று ரெண்டிலும் போட்டேன். அஞ்சே எழுத்துப் பேர்தான், ஆனாலும் அடியில் ஒரு கோடு இழுத்தேன்.

அழகுமலைக்கு ரிலீப் என்று நான் கேட்டேன். அழகுமலையை ரிலீவ் என்று அவர் சொன்னார். ஒரு உருபுதான் வித்தியாசம். என் காதில் ரெண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. வேலையிலிருந்து ஒருத்தனைக் கழற்றிவிடுவதற்கும் ஆபீஸ்காரர்கள் கிட்டத்தட்ட அதே வார்த்தையை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முப்பது குடும்பத்தின் காதில் பூச்சுற்றியவன், என் காதில் விழுந்ததைச் சரியாகக் கேட்கத் தெரியாமல் என் மகள் வீட்டு விளக்கை நானே ஊதி அணைத்தேன்.

விடிந்தால் பெரட்டு. களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, கண்டக்டர், அதாவது எஸ்டேட் மேற்பார்வைக்காரர், பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். "ஸ்டோர் வாட்சர், அலவி" என்றார். அழகுமலை நின்றுகொண்டே இருந்தான். கொழுந்துக்காரர்கள் போனார்கள், மருந்துக்காரர்கள் போனார்கள், கவாத்துக்காரர்கள் போனார்கள். அவன் பேர் வரவில்லை. "எழுதுறப்ப விட்டுப்போயிருக்கும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

ஹெட் கிளார்க் காகிதத்தை எடுத்துக் காட்டினார். வரி வரியாக அர்த்தம் சொன்னார். மூன்று நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அடியில் என் கையெழுத்து, அதற்கு அடியில் நான் இழுத்த கோடு.

துரை பங்களாவுக்கு ஓடினேன். காலில் விழுந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. துரைக்குத்தான் சங்கடமாக இருந்தது. "நீதான் கேட்டது மொக்கையன். நாலு இடம்தான் இருக்கு. புது ஆள் வந்தா பழைய ஆள் போகணும். உனக்குத் தெரியாதா?" என்றார். என் பேரை வெட்டிவிட்டு அவன் பேரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். கங்காணி இடம் கங்காணியோடு தீர்ந்துபோகும், இன்னொருத்தனுக்கு மாற்ற முடியாது என்றார். கதவைச் சாத்தும்போது, "சாரி" என்றார்.

சங்கத்துக்காரரிடம் போனேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மாமனாரே தொரைகிட்டப் போய்க் கேட்டு, மாமனாரே கையெழுத்தும் போட்டு, இப்ப வந்து தெரியாதுங்கிறீரா? யாருகிட்ட ஓய் காது குத்துறீரு? இருபது வருசமா நீரு பண்ணாத தில்லுமுல்லா?"

"சத்தியமாத் தெரியாதுய்யா."

"ஒம்ம சத்தியத்துல அட்டைக்கு மருந்து அரைக்கலாம்" என்றார் அவர். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். என் பொய்யை எல்லாம் நம்பிய ஜனங்கள் இவர்கள். வாழ்நாளில் முதல்தடவையாக உண்மையைத் தூக்கிக்கொண்டு போகிறேன், வாங்க ஒரு ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலை. மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. தேவாரத்தில் அழகுமலையின் அண்ணன் வீட்டுக்குப் போவதாக முடிவு. அங்கே அவர்களுக்கு என்ன வாழ்வு காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், மாட்டுக்கொட்டத்தை ஒட்டி ஒரு இறவாரம். நானும் கூட வருகிறேன் என்று போர்வையை மடித்துக்கொண்டு போய் நின்றேன். அலவி வாசலில் நின்று அவர்கள் பானை சட்டியைச் சாக்கில் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

குருவம்மாள் வெளியே வந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

"அய்யா, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். எழுத்துத் தெரியாம கையெழுத்துப் போட்டீக, சரி. இங்கிலீசு புரியல, அதுவும் சரி. ஆனா ஆபீசுக்காரரு ஒண்ணு சொல்றாரே, நீங்களாத்தான் தொரைகிட்டப் போயி இவருக்கு ரிலீப்பு வேணும்னு கேட்டீகன்னு. நான் தொரைக்கே தோணுச்சுன்னு நெனைச்சேன். நீங்க எதுக்குக் கேட்டீக?"

நான் கையில் இருந்த போர்வையை இன்னொரு தடவை மடித்தேன்.

"இவரு கையில வலி இருக்குறது எனக்கும் இவருக்கும் தவிர ஈ எறும்புக்குத் தெரியாது. தெரியாதப்ப, நல்லாப் பந்து போடுற மனுசனுக்கு ரிலீப்பு எதுக்குன்னு ஒங்களுக்குத் தோணுச்சு? யாரு சொல்லித் தோணுச்சு?" கேட்டுக்கொண்டே அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "நீங்க எதுவும் சொன்னீகளா?"

அழகுமலையின் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் விட்டால் ஆமாம் என்று சொல்லியிருப்பான், அவன் பொய் தெரியாதவன். ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். வயிற்றில் கை வைத்துச் செய்த சத்தியம் உடைந்தது என்று தெரிந்தால், மலை இறங்குகிற வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிள்ளை போச்சு போச்சு என்றே செத்துக்கொண்டிருப்பாள். ஏதாவது ஆகிவிட்டால் புருஷனை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

"அவன எதுக்குடி கேக்குற?" என்றேன். "எனக்கு யாரும் சொல்லல. கங்காணி வேலை இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நல்ல பந்துக்காரனாப் பிடிச்சுக் குடுத்தா தொரை என்னைய வச்சுக்குவாருன்னு நானாத்தான் போனேன். நாலு இடத்துல ஒண்ணு போகும்னு தெரியும். ஒங்களுக்கு வேற ஏதாவது பாத்துக்கலாம்னு நெனைச்சேன்."

அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். போங்கய்யா, பொய் சொல்றீக என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை. சொன்ன மாத்திரத்தில் நம்பிவிட்டாள். நான் பெற்ற பிள்ளை. அம்மா இல்லாமல் அவளை நானே குளிப்பாட்டி, நானே தலைசீவி வளர்த்தேன். அவ்வளவு சுலபமாக அதை நம்பினாள்.

அவள் முகத்திலிருந்து பயம் போய்விட்டது. அதைத்தான் நான் விரும்பினேன், அது நடந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது.

"எம்பிள்ள ஒங்க மூஞ்சியில முழிக்கக் கூடாது" என்றாள். கத்தவில்லை. "நாங்க செத்தாலும் ஒங்களுக்குச் சொல்லிவிட மாட்டோம். நீங்க செத்தாலும் எங்களுக்குச் சொல்லிவிட வேண்டாம்."

பஸ் நிற்கிற வளைவு வரைக்கும் பத்தடி பின்னால் நடந்துபோனேன். அவள் ஏறி உட்கார்ந்து சேலையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். அழகுமலை சாக்கை மேலே போட்டுவிட்டு என்னிடம் வந்தான். "மாமா..." என்றான். "ஏறுடா. எதையாவது உளறுனே, வெட்டிப்போட்டுருவேன்" என்றேன். அவன் நல்ல கையால் என் கையைப் பிடித்தான். பஸ் கண்டக்டர் விசில் அடித்தான், அழகுமலை ஏறிப் போனான்.

அன்று சாயங்காலம் அலவி என் அறைக்கு வந்தான். தானும் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னான். "என்ற உம்மா கேட்டாளுங்களே மாமா. என்னமோ நெஞ்சுல கைய வெச்சுச் சொன்னீங்களே" என்றான். அவன் போனாலும் அழகுமலை பேர் திரும்பி ஏறாது என்பதை அவனுக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவன் அழுதுகொண்டே இருந்தான், நான் அவனுக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

தையில் கோப்பை எங்களுக்கு வந்தது. கடைசி ஓவரில் அலவி ரெண்டு துரைமாரின் குச்சியைப் பறக்கவிட்டான். லயமே திரண்டு வந்து கூத்தாடியது. பெரிய துரை என்னை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, ஒரு கம்பளியைப் போர்த்தி, கங்காணி வேலை போனாலும் மொக்கையனுக்கு சாகும்வரை எஸ்டேட்டில் இடம் உண்டு என்று அறிவித்தார். சங்கத்துக்காரர் பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்துச் சிரித்தார். மகளிடம் நான் சொன்ன பொய்யை துரை மைதானத்தில் வைத்து உண்மையாக்கிவிட்டார். இனி யாரிடம் போய் இல்லை என்பேன்? இந்தச் சேதி கீழே தேவாரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. போகாமல் இருக்குமா?

அதே மாதக் கடைசியில், கொழுந்து எடுக்கிற மூக்கம்மாள் தேவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். களத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"குருவுக்குப் பொம்பளப்பிள்ள. பிள்ளயும் தாயும் கல்லாட்டம் இருக்காக. அழகுமல சந்தையில மூட்டைக்குக் காவல் இருக்கான். கை அப்படியேதான் இருக்கு."

"பிள்ள யாரு சாடை?"

மூக்கம்மாள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "ஒங்க மூக்குத்தான். அதை நான் சொன்னதும் குருவு பிள்ளயத் திருப்பிப் போட்டுக்கிட்டா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "விடுங்க கங்காணி. பிள்ள தங்கிருச்சுல்ல. அது போதும்ல?"

"போதும் தாயி, வேற என்ன வேணும்" என்றேன். அவளும் நம்பிக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு போனாள். போதவில்லை.